வாய்க்கால் வறண்ட வருஷம்... லால்குடி வயல்கள் சொல்லும் தண்ணீர்க் கணக்கு!

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி வடக்கே போகும் ரயில், கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் ஜன்னலோரப் பயணிகள் எட்டிப் பார்ப்பார்கள். நல்ல வருஷத்தில் கரையைத் தொட்டு ஓடும் தண்ணீர் தெரியும். 2017 கோடையில் மணல் மட்டுமே தெரிந்தது. அங்கங்கே நாணல் திட்டு, நடுவே மாடுகள் நடந்த தடம். பாலத்தைத் தாண்டினால் வாளாடி, அடுத்து லால்குடி. வழக்கமாக அறுவடை முடிந்து உளுந்தும் எள்ளும் பச்சை கட்டியிருக்க வேண்டிய வயல்கள் வெடித்துக் கிடந்தன.

காவிரிப் பாசனம் பெறும் ஊருக்கு வறட்சி வராது என்று ஒரு காலத்தில் நம்பியவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை உடைத்த வருஷம் 2016-17. அந்த ஒரு வருஷத்தில் நடந்ததைத் திருப்பிப் பார்த்தால், அடுத்த வறட்சிக்கு ஒரு குடும்பம் எப்படித் தயாராக வேண்டும் என்பது புரியும்.

இரண்டு பருவமும் ஏமாற்றிய ஆண்டு

லால்குடி வட்டம் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. ஆனால், கொள்ளிடத் தண்ணீர் நேரடியாக இந்த வயல்களுக்கு ஏறுவதில்லை. கொள்ளிடம் வெள்ளம் வடியும் ஆறு. காவிரியின் வடகரையில் பிரிந்து வரும் அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால், வாத்தலையில் தலைப்பு மதகு உள்ள புள்ளம்பாடி வாய்க்கால் ஆகியவைதான் இங்குள்ள நெல்லுக்கும் வாழைக்கும் உயிர். புள்ளம்பாடி வாய்க்கால் மட்டுமே சுமார் 22,000 ஏக்கருக்குப் பாய்கிறது. இவற்றைத் தாண்டி வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் மேட்டு நிலம், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வானம் பார்த்த பூமி.

ஆக, லால்குடி விவசாயிக்கு இரண்டு வானம். ஒன்று குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அதுதான் மேட்டூரை நிரப்பும். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகையில் தலைக்கு மேலே பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று காப்பாற்றும் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக இருந்த கணக்கு.

2016-ல் இரண்டும் கைவிட்டன. குடகில் மழை குறைந்தது. ஜூன் 12-ம் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவை போனது. செப்டம்பர் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கர்நாடகம் தண்ணீர் விட வேண்டும் என்று உத்தரவிட்டது. பெங்களூரில் கலவரம் வெடித்தது. செப்டம்பர் 20-ம் தேதி சம்பாவுக்காக மேட்டூர் திறக்கப்பட்டது. 'தாமதமானாலும் ஐப்பசி மழை கைகொடுக்கும்' என்று நம்பிப் பலரும் நாற்று விட்டார்கள், நேரடி விதைப்பும் செய்தார்கள்.

அந்த மழை வரவே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாக 440 மி.மீ. பெய்ய வேண்டும். அந்த ஆண்டு பெய்தது சுமார் 168 மி.மீ. அதாவது 62 சதவிகிதம் குறைவு. 1876-க்குப் பிறகு இவ்வளவு குறைந்த வடகிழக்குப் பருவமழை இல்லை. 1876 என்றால், தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. பாட்டி, பூட்டி வாய்வழியாக மட்டுமே கேட்டிருந்த பஞ்சத்துக்கு இணையான வானத்தை 140 ஆண்டுகள் கழித்து இந்தத் தலைமுறை பார்த்தது.

கடன் வாங்கிய பிறகு காய்ந்த பயிர்

வறட்சி என்றால் வெடித்த நிலம்தான் படமாக வரும். உண்மையில் குடும்பத்தைச் சாய்ப்பது நிலம் வெடிக்கும் நாள் இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்பே உழவு, விதை, அடியுரம், நடவுக்கூலி என்று பணம் மண்ணுக்குள் போய்விடுகிறது. பயிர் தூர் கட்டும்போது வாய்க்கால் வற்றுகிறது. 'இன்னும் ஒரு தண்ணி வந்தால் தேறிடும்' என்று டீசல் இன்ஜினுக்குச் செலவு. பிறகு போர்வெல்லை ஆழப்படுத்தச் செலவு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கும். அதற்கு மேலே நகைக்கடன். அதற்கும் மேலே கைமாற்று. கதிர் வரும் நேரத்தில் பயிர் பதராகி, மாட்டை அவிழ்த்து விட்டு மேய்க்கிற நிலை வரும்போது கையில் பணமும் இல்லை, வீட்டில் விதைநெல்லும் இல்லை.

கடைமடைக்காரர்களுக்கு இந்த அடி முதலில் விழும். தலைமடையில் ஓடும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடும். சொந்த நிலம் இல்லாமல் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்கோ பயிர் வைத்தால்தான் கூலி. அவர்களுக்குப் பயிர் நிவாரணப் பட்டியலில் இடமே கிடையாது. ஆண்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போக, வீட்டில் இருக்கும் பெண்களுக்குக் குடிநீர்க் குடத்தோடு வரிசையில் நிற்பதும் மாட்டுக்குத் தீவனம் தேடுவதும் கூடுதல் வேலை ஆகின்றன.

2017 ஜனவரி 10-ம் தேதி, அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய், நீண்டகாலப் பயிருக்கு 7,287 ரூபாய் நிவாரணம். நிலவரி தள்ளுபடி. பயிர்க்கடன் மத்திய காலக் கடனாக மாற்றம். நூறு நாள் வேலை 150 நாளாக உயர்வு. டெல்டாவில் விவசாயிகள் அடுத்தடுத்து இறந்த செய்திகளைப் பார்த்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து மாநில அரசிடம் விளக்கம் கேட்டதும் அந்த ஜனவரியில்தான்.

ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்பது நடவுச் செலவுக்குக்கூடப் போதாது என்பது வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். 2017 மார்ச் 14-ம் தேதி, திருச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மண்டை ஓட்டைக் கழுத்தில் மாட்டியும், எலியை வாயில் கவ்வியும் அவர்கள் நடத்திய போராட்டம் 41 நாள் நீடித்தது. ஏப்ரல் 4-ம் தேதி, எல்லா விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடனையும் தள்ளுபடி செய்யச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. ஜூலையில் அதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. போராட்டமும் வழக்கும் தேவைதான். ஆனால், அவற்றின் பலன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பட்டம் போய்விடுகிறது. விதைக்கும் முன் குடும்பம் போடுகிற கணக்குத்தான் அந்தப் பட்டத்தைக் காப்பாற்றும்.

'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பார்கள். பணக் கணக்குக்கு அது பொருந்தலாம். தண்ணீர்க் கணக்குப் பார்க்காமல் உழுதால், உழக்கு மட்டுமல்ல, உழவனே மிஞ்ச மாட்டான்.

முதல் கணக்கு: அணை திறந்த தேதி

மேட்டூர் அணை திறந்த தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்.

2011 - ஜூன் 6
2012 - செப்டம்பர் 17
2013 - ஆகஸ்ட் 2
2014 - ஆகஸ்ட் 15
2015 - ஆகஸ்ட் 9
2016 - செப்டம்பர் 20
2017 - அக்டோபர் 2
2018 - ஜூலை 19
2019 - ஆகஸ்ட் 13
2020 - ஜூன் 12

2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் தண்ணீர் இல்லை. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தார்கள். ஆனால், அக்டோபர் 10-ம் தேதியே அணையை மூட வேண்டியதாயிற்று. 2024-ல் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தார்கள். ஆக, தாமதம் என்பது எப்போதாவது வருகிற விருந்தாளி இல்லை. அதை வைத்தே திட்டமிட வேண்டும்.

வழக்கமாக மேட்டூர் ஜனவரி 28-ம் தேதி மூடப்படும். செப்டம்பர் 20-ல் திறந்தால் ஜனவரி 28 வரை 130 நாள். அக்டோபர் 2-ல் திறந்தால் 118 நாள். அணையிலிருந்து வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்து சேரச் சில நாள்கள் கழித்துக்கொள்ள வேண்டும். புள்ளம்பாடி வாய்க்காலுக்கு வழக்கம் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள்.

இந்த நாள்களுக்குள் எந்த ரகம் அடங்கும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சி.ஆர். 1009 ரகத்துக்கு 155 முதல் 160 நாள் வேண்டும். செப்டம்பர் கடைசியில் விதைத்தால் பிப்ரவரி கடைசிவரை இழுக்கும். வாய்க்கால் முழு முறை ஓடினாலும் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். அப்படிப்பட்ட ஆண்டில் 135 நாள் ரகமான திருச்சி 3 கூட இழுபறிதான். ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43, ஏ.டி.டி. 45, கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்களே பாதுகாப்பு. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் நேரடி விதைப்புக்கு அண்ணா 4 இருக்கிறது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-ல் வெளிவந்த, வறட்சி தாங்கும் 100 முதல் 105 நாள் ரகம்.

அக்டோபரிலும் அணை திறக்கும் அறிகுறி இல்லை என்றால், நெல்லை விட்டுவிடுவது தோல்வி இல்லை. விதைக்காமல் விட்ட செலவு, வீட்டிலேயே இருக்கும் பணம்.

இரண்டாவது கணக்கு: மோட்டார் எத்தனை ஏக்கருக்குத் தாங்கும்?

பலரும் மோட்டாரை ஐப்பசியில் அது இறைத்த அளவை வைத்து மதிப்பிடுகிறார்கள். கணக்குப் பார்க்க வேண்டியது சித்திரை, வைகாசியில். இதற்கு ஒரு 200 லிட்டர் டிரம்மும் கடிகாரமும் போதும்.

மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு டிரம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 20 நொடி என்றால் மணிக்கு 36,000 லிட்டர். 40 நொடி என்றால் 18,000 லிட்டர். முதலிலேயே அளந்தால் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரை வைத்து ஏமாந்துவிடுவோம்.

ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கும் மோட்டார், தினம் 6 மணி நேரம் ஓடினால் 1,08,000 லிட்டர். அதாவது ஒரு ஏக்கர் நனைய கிட்டத்தட்ட இரண்டு நாள். ஆறு நாளுக்கு ஒரு தண்ணீர் என்று வைத்தால் மூன்று ஏக்கர். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு ஊறிப்போனால் இரண்டு ஏக்கர். போர்வெல் இன்னும் இறங்கினால் ஒரே ஏக்கர். இதுதான் அந்த மோட்டாரின் உண்மையான பலம். 'ஐந்து ஏக்கருக்கும் பாய்ச்சிடலாம்' என்று இறங்கினால் ஐந்தும் காயும். ஒரு ஏக்கரில் முழுமையாக விளைவது, ஐந்து ஏக்கரில் பதராவதைவிட மேல்.

பயிரின் தேவையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் தேவை. ஏக்கருக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். மக்காச்சோளத்துக்கு 500 மி.மீ. போதும். உளுந்துக்கும் எள்ளுக்கும் 250 முதல் 300 மி.மீ. தான். ஒரு ஏக்கர் நெல்லுக்கான தண்ணீரில் நான்கு ஏக்கர் உளுந்து எடுத்துவிடலாம். காவிரி பொய்த்த ஆண்டில் நிலத்தைச் சும்மா போடாமல், கிடைக்கும் ஒன்றிரண்டு மழையில் உளுந்தோ எள்ளோ எடுத்தால் மாட்டுச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆகும்.

இருக்கும் தண்ணீரை நீட்டிக்கும் வழிகள்

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. இரண்டு புறமும் திறந்த, ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள அகலமான பி.வி.சி. குழாயை எடுத்து, கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதிக்கலாம். குழாய்க்குள் இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் வயலின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அந்த ஒரு வாரம்தான் பயிரின் உயிர்நாடி. கையில் இருக்கும் கடைசித் தண்ணீரை அந்த வாரத்துக்குச் சேமித்து வைக்க வேண்டும்.

செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 22.5 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்றாக நடுவார்கள். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். மண்ணில் மயிரிழை வெடிப்பு வந்ததும் அடுத்த தண்ணீர். நாற்றங்காலுக்கு ஆகும் தண்ணீரும் நாளும் மிச்சம்.

புழுதி விதைப்புக்கு விதையைக் கடினப்படுத்துவது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல் என்ற அளவில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்க வேண்டும். முளைத்த பயிர் ஆரம்ப வறட்சியைத் தாங்கும். இடையில் வாட்டம் தெரிந்தால் 2 சதவிகித டி.ஏ.பி. கரைசலுடன் 1 சதவிகிதப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து மாலையில் தெளிக்கலாம். இது தண்ணீருக்கு மாற்று இல்லை. அடுத்த தண்ணீர் வரும்வரை பயிரைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

லால்குடிப் பகுதியின் இன்னொரு பிழைப்பு வாழை. அதற்கு ஆண்டுக்கு 1,800 மி.மீ.க்கும் மேல் தண்ணீர் தேவைப்படும். வறட்சியில் முதலில் பக்கக் கன்றுகளை அறுத்துவிட வேண்டும். காய்ந்த இலை, அறுத்த தண்டு எல்லாவற்றையும் மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட வேண்டும். பாத்தியில் பாய்ச்சுவதைச் சொட்டுநீருக்கு மாற்றினால் அதே மோட்டாரில் கூடுதல் மரங்களைக் காப்பாற்றலாம். எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், தார் விட்ட மரங்களுக்கு முன்னுரிமை. திருச்சி தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும், லால்குடி வட்டத்திலேயே குமுளூரில் இருக்கும் வேளாண் பொறியியல் கல்லூரியிலும் வாழை, சொட்டுநீர், இறைவை மோட்டார் பற்றி நேரில் போய்க் கேட்கலாம்.

மாட்டை விற்கும் முன்...

வறட்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறார்கள். விலை அடிமட்டத்துக்குப் போகிறது. மழை வந்ததும் எல்லோரும் வாங்கப் போகிறார்கள். விலை ஏறிவிடுகிறது. ஒரு கறவை மாட்டையாவது வைத்துக்கொண்டால், பயிர் இல்லாத மாதங்களில் தினப்படி வருமானம் அதுதான்.

வைக்கோல் மட்டும் இருக்கும் வீட்டில் யூரியா ஊட்டமேற்றிய வைக்கோல் உதவும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுமையாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் காற்றாடவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்கிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்குக் கூடாது. கரைசல் இருக்கும் பாத்திரத்தை மாடு நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதமும் ஒரு பயிர்தான்

2016-ல்தான் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே வறட்சி வந்ததால், பதிவு செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் நேரடியாகத் தெரிந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம். 30,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் 450 ரூபாய்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது தெரியாமல்தான் பல சண்டைகள் வருகின்றன. தனி வயலைப் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமத்தில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி 2,000 கிலோ, உத்தரவாத அளவு 80 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரம்பு மகசூல் 1,600 கிலோ. இந்த ஆண்டுச் சராசரி 640 கிலோ என்றால் குறைவு 960 கிலோ. அது 1,600-ல் 60 சதவிகிதம். காப்பீட்டுத் தொகையிலும் 60 சதவிகிதம் கிடைக்கும். அதனால் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் ஊரார் நாலு பேர் கூட நிற்பது நல்லது. மழையின்மையால் கிராமத்தின் பெரும்பகுதி விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவிகிதம் வரை கிடைக்க வழி உண்டு.

அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தகம், ஆதார், காப்பீட்டு ரசீது ஐந்தையும் ஒரே பையில் வைத்திருக்கும் வீடு, நிவாரண அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்கும். தேடிக்கொண்டிருக்கும் வீடு வரிசையின் கடைசிக்குப் போகும்.

ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஒரு வீட்டின் சக்திக்கு உட்பட்டவை. 62 சதவிகிதம் மழை குறைந்த ஆண்டில், கணக்குப் போட்டு இறங்கியவர்களும் நஷ்டப்பட்டார்கள். அவர்களுக்கு நஷ்டம் குறைந்தது, அவ்வளவுதான். காவிரியில் பங்கு வேண்டும் என்பதற்கும், ஏரி வாய்க்கால் தூர்வார வேண்டும் என்பதற்கும் இந்தக் கணக்கு மாற்று ஆகாது. 2018 பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. அந்த ஜூன் மாதம் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. அப்படி இருந்தும் 2023-ல் மழை குறைந்தபோது இழுபறிதான் நடந்தது.

வறட்சி முடிந்த விதமும் ஒரு பாடம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் கரை புரண்டு ஓடியது. திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. மணலாகக் கிடந்த ஆறு, பதினாறு மாதத்துக்குள் பாலத்தைச் சாய்த்தது. அந்தத் தண்ணீர் கடலுக்குப் போனபோது, எந்த ஊர் ஏரிக்கு வரத்து வாய்க்கால் திறந்திருந்ததோ அந்த ஊரில்தான் அது தங்கியது.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்துப் பணியைத் தொடங்கியது. மே 28-ம் தேதி, அணை கட்டி 83 ஆண்டுகளில் முதன்முறையாக மேட்டூரில் தூர்வாரும் பணி ஆரம்பமானது. ஏரி வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. வறண்ட ஏரிதான் தூர்வார ஏற்ற ஏரி. கோடையில் வண்டல் எடுத்தால் ஏரி ஆழமாகும், மணற்பாங்கான வயலுக்கு ஈரம் பிடிக்கும் சக்தி வரும். மதகுக்குப் பக்கத்தில் மட்டும் தோண்டிவிட்டு, வரத்து வாய்க்காலை மறந்துவிடும் ஊர்கள் அதிகம். முதலில் வரத்து வாய்க்கால், பிறகு ஏரி. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பரவலாகக் கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: நாற்று விட்டாச்சு, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. வயது கூடிய நாற்றை நடலாமா?

குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள், மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள், நீண்ட கால ரகத்துக்கு 35 முதல் 40 நாள் நாற்று சரியான வயது. நீண்ட கால ரகம் சில நாள் பொறுக்கும். குறுகிய கால ரகம் பொறுக்காது, நாற்றங்காலிலேயே முதிர்ந்துவிடும். நட்டே ஆக வேண்டும் என்றால் நெருக்கி, குத்துக்குக் கூடுதல் நாற்று வைத்து நட வேண்டும். ஒரு மாதம் கடந்த குறுகிய கால நாற்றை விட்டுவிட்டு, வேறு பயிருக்கு மாறுவது லாபம்.

கேள்வி: காய்ந்து நிற்கும் சோளப் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போடலாமா?

கூடாது. தண்ணீர் இல்லாமல் குன்றிய இளஞ்சோளத்தில் நச்சு கூடுதலாக இருக்கும். மழை பெய்து துளிர்க்கும் தளிரும் ஆபத்து. மேய்ந்த சிறிது நேரத்தில் மாடு மூச்சுத் திணறி விழும். பூத்த பிறகு அறுத்து, நன்றாக உலர்த்திக் கொடுப்பதே பாதுகாப்பு. மாடு விழுந்துவிட்டால் தாமதிக்காமல் 1962 எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும்.

கேள்வி: குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவருக்குக் காப்பீடும் நிவாரணமும் உண்டா?

காப்பீடு செய்யலாம். சாகுபடி செய்வது யார் என்பது அடங்கலில் பதிவாக வேண்டும். விதைத்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்து சான்று வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பயிர் காய்ந்த பிறகு பதிவுக்கு அலைந்தால் பயன் இல்லை.

கேள்வி: வறட்சி நேரத்தில் போர்வெல்லை ஆழப்படுத்தலாமா?

குடிநீருக்கும் மாட்டுக்கும் என்றால் யோசிக்கலாம். காய்கிற பயிரைக் காப்பாற்ற என்றால் வேண்டாம். அந்தப் பயிரின் மொத்த வருமானமும் அந்தச் செலவுக்கு ஈடாகாது. பக்கத்து போர்வெல்லும் வற்றும். அதே பணத்தில் சொட்டுநீரோ பண்ணைக்குட்டையோ அமைத்தால் அடுத்த பல ஆண்டுகளுக்கு உதவும்.

பயிர் காய்ந்தால் மறுபடியும் விதைக்கலாம். கடன் இருந்தால் தவணை கேட்கலாம். வீட்டில் ஒருவர் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல், வயலையே பார்த்து உட்கார்ந்திருந்தால் தனியாக விடாதீர்கள். 104 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கேட்கலாம். பயிர்ச் சந்தேகத்துக்கு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண் இருக்கிறது. 2016-ல் காய்ந்த லால்குடி வயல்களில் பிறகு சம்பா விளைந்தது, வாழை தார் விட்டது. அடுத்த மழைக்கு விதைக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.